ஏரம்பர் வீட்டு முழுக்கு

நாகேஸ்வரியின் மகன், கெட்ட தண்ணீரால் வரும் நெருப்புக் காய்ச்சலில் போன பிறகு, அவளுக்குக் கிணற்றைத் தவிர வேறு நினைவில்லை. தண்ணீர் கெட்டு மணத்தது. மணக்கிற கிணற்றை எவரும் இறைப்பார்கள். அவளும் ஆள்பிடித்து அடி தெரிய இறைத்தாள். ஊறிவந்த தண்ணீர் முன்னிலும் மோசமாக மணத்தது. மறுபடி இறைத்தாள். வற்றிய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கல்வெடிப்பு ஒன்றால் சாம்பல் நிறத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

வீட்டை ஒட்டிய ஒழுங்கைத் தெருவின் கீழே போகும் பழைய மூடுவாய்க்காலின் தண்ணீர் அது. குளித்தது, கழுவியது, கக்கூஸ் வாளி அலசியது எல்லாம் அதற்குள்தான் போகும். செங்கல் உக்கி உதிர்ந்துபோன வாய்க்கால். அவள் இறைக்க இறைக்க அதுதான் உள்ளே வந்து நிரப்பியிருக்கிறது.

மிச்சம் இருந்தது மகள் ஒருத்தி. குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சலாம். கோப்பை கழுவுகிற தண்ணீரை யார் காய்ச்சுவது? நாகேஸ்வரி பட்டின சபை வாசலில் நாள்தோறும் போய் நின்றாள். சண்டைக் காலம், கப்பல் இல்லை, சீமெந்து இல்லை என்றார்கள். அவளைப் பார்த்துச் சலித்துப்போய்க் கடைசியில் ஒரு மூடை கொடுத்தார்கள்.

மேசன் சந்தியோகு அவளுடைய கிணற்றுக்கு நேரான வாய்க்கால் துண்டைத் தோண்டி, உக்கலைச் சுரண்டிப் பூசி முடித்தார்.

"நாளைக் காலமை மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி வரப்படாது பிள்ளை. கழுவிக்கொண்டு போனால் திரும்பப் பூச என்னட்டை ஒண்டுமில்லை."

அவர் சாந்தகப்பையைக் கழுவப் போனபோதே, வாய்க்கால் தொடங்கும் இடத்து மேல்வீட்டில் ஒப்பாரி கேட்டது. அந்த வீட்டுக்காரர் ஏரம்பர் போய்விட்டார். அதே காய்ச்சல்.

பிரேதம் எடுத்ததும் பெண்கள் வீடு கழுவி முழுகுவார்கள். சுடலையால் வந்து ஆண்கள் முழுகுவார்கள். அத்தனையும் இந்த வாய்க்காலுக்குள்தான் இறங்கும். நாகேஸ்வரி நேரே செத்த வீட்டுக்குப் போனாள்.

ஏரம்பரின் தம்பி சிவசுப்பிரமணியத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "பிணம் கிடக்குது, நீ தண்ணிக் கணக்குக் கதைக்க வந்தனியோ?"

"அண்ணை, ஒரு நாளைக்குக் கோயில் கேணியிலை முழுகுங்கோவன்."

"செத்த வீட்டுத் துடக்கோடை கோயில் கேணிக்கோ? உனக்கென்ன விசரே?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை.

பிரேதம் ஒழுங்கை தாண்டியதும், அந்த வீட்டுக் கிணற்றடியிலிருந்து வாய்க்காலுக்குப் போகும் துவாரத்தைச் சாக்காலும் களிமண்ணாலும் அடைத்தாள். தேங்கிய தண்ணீரை வாளியில் அள்ளி, ஒழுங்கைத் தலைப்பிலுள்ள பனங்காணியில் ஊற்றினாள். துடக்குத் தண்ணீர் காலில் தெறிக்க எதிரே வந்தவர்கள் வேலியோடு ஒதுங்கினார்கள்.

"உவள் பின்னேரம் எங்கடை வீட்டுக் கக்கூஸ் வாளியும் எடுக்க வருவாளோ?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சிரித்தாள்.

வாளி நிறைவது வெறுமையாவதைவிட வேகமாயிருந்தது. கை மரத்தது. துவாரத்தில் சாக்கு ஊதி நெளியத் தொடங்கியது.

அப்போதுதான் ஏரம்பரின் பெண்சாதி செல்வநாயகியை முழுக வார்க்கக் கூட்டிவந்தார்கள். அவள் சாக்கைப் பார்த்தாள். நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு வாளி போதும்."

"என்ன மாமி கதைக்கிறியள்? தலை நனையாது!"

"நனைஞ்சது காணும். மற்ற ஆக்களும் குறைச்சு வார்த்து முழுகுங்கோ. அவளும் ஒரு பிள்ளையைக் குடுத்தவள்."

பாதிப்பேர்தான் கேட்டார்கள். மற்றவர்களின் தண்ணீரை நாகேஸ்வரி பொழுதுபடும்வரை அள்ளினாள்.

காலையில் சந்தியோகு வாய்க்காலுக்குள் இறங்கிப் பெருவிரலால் அழுத்தினார். பதியவில்லை.

"பிடிச்சிட்டுது, பிள்ளை."

"மேல்பக்கம், அண்ணை? செல்வநாயகி மாமியின்ரை கிணத்தடி?"

அவர் உதறிய வெறும் சீமெந்துச் சாக்கிலிருந்து தூசிதான் பறந்தது. "அங்கையும் இதே உக்கல்தான். கப்பல் வந்தால் பாப்பம்."

மேல்வீட்டு முற்றத்தில் செல்வநாயகியின் பேத்தி கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நாகேஸ்வரி வேலிக்கு மேலால் கை நீட்டிச் செம்பைப் பறித்துக் கவிழ்த்தாள். பிள்ளை வீரிட்டது. அவள் தன் வீட்டுக்குள் போய், காய்ச்சும் பானைக்குப் பக்கத்தில் மேல்வீட்டுக்கென்று இன்னொரு பானையை ஏற்றினாள். விறகு பின்னேரம்வரை போதாது.