பருந்து மோதிய தையல்

அந்தத் தெருவில் தையல்காரம்மா என்றால் ஒருத்திதான். அவள் போட்ட தையல் பிரிந்துவிட்டதென்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் துணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததில்லை. பிள்ளைகள் வளர்ந்து சட்டை சின்னதாகிப் போகும். தையல் அப்படியே இருக்கும்.

மழைக்காலம் தொடங்கும்போது அவளுடைய கருப்புக் கோழி பதினோரு குஞ்சு பொரித்தது. மூன்றாம் நாளே பருந்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. காலை பத்து மணி வாக்கில், அவள் மெஷினில் தலை குனிந்திருக்கும் நேரம் பார்த்து, பின்சுவரைத் தாண்டி ஒரு நிழல் இறங்கும். தாய்க்கோழி கத்தி முடிப்பதற்குள் ஒன்று குறைந்திருக்கும். பழைய சிடிக்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாள். இரண்டு நாள் பருந்து வரவில்லை. மூன்றாம் நாள் அந்தக் கயிறு கட்டிய கம்பத்தின் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. ஒரே வாரத்தில் நான்கு குஞ்சு போய், ஏழு மிஞ்சியது.

மீன்காரரிடம் கிழிந்த வலைகளைக் கேட்டு வாங்கினாள். கிழியாத பகுதிகளை வெட்டியெடுத்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, பருந்துக்குச் சட்டையா?"

"கோழிக்குக் கூரை."

"காலர் வைப்பீங்களா?"

"உன் வாயைத்தான் தைக்கணும். இறங்கி வந்து முனையைப் பிடி."

வலை கூரையாக ஏறியது. இரண்டு வாரம் நிம்மதி. பிறகு ஒரு நாள், மழை விட்ட காலையில், பருந்து வலைமேல் விழுந்தது. வலை அறுபடவில்லை, அவள் போட்ட தையல்தான் டர்ரென்று பிரிந்தது. உள்ளே இறங்கிய பருந்து, குஞ்சோடு அதே வழியாக வெளியேறியது.

"விட்டுத் தள்ளுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "மிச்சம் ஆறையும் யாருக்காவது குடுத்துடலாம்."

அவள் தையலின் நுனியை இழுத்தாள். நூல் பொடிப்பொடியாக வந்தது. சட்டைக்குப் போடும் அதே பருத்தி நூல். மழையிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து இற்றுப்போயிருந்தது.

"வலை மேல தப்பில்ல. தைச்சவ மேலதான்," என்றாள்.

கடைக்கதவு இரண்டு நாள் திறக்கவில்லை. துணி வாங்க வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். பழைய நூலையெல்லாம் உருவிவிட்டு, தூண்டில் நரம்பால் சாணுக்கொரு முடிச்சுப் போட்டுக் கையாலேயே தைத்தாள். விரல்களை நரம்பு அறுத்தது. துணி சுற்றிக்கொண்டு தொடர்ந்தாள். நாத்தனார் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் பிடித்தாள். வலையைக் கட்டி முடித்ததும், தையல் மேல் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வைத்து, அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பருந்து வந்தது. நேராகத் தையல் மேலேயே மோதியது. வலை முழங்கால் உயரத்துக்குத் தொய்ந்து, வந்த வேகத்திலேயே அதை மேலே எறிந்தது. தட்டுத்தடுமாறிப் போய்ச் சுவரில் உட்கார்ந்தது பருந்து. தாய்க்கோழியின் இறக்கைக்கடியில் ஆறும் பத்திரமாக இருந்தன. தையல்காரம்மா கத்தரிக்கோலும் கையுமாக வாசற்படியில் நின்றாள், விரட்டவில்லை.

"அண்ணி, அது உங்களையே முறைக்குது."

"முறைக்கட்டும். நல்லாப் பாத்துட்டே போகட்டும்."

அன்று அளவு கொடுக்க வந்த ஐந்து பேரையும் அவளே பின்பக்கம் கூட்டிப்போய், தையலை இழுத்துப் பார்க்கச் சொன்னாள்.