ஒரு நிமிடம் நின்ற வண்டி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். நான் படித்தது மலையாளப் பள்ளியில். ஆனாலும் அப்பாவைப் பற்றி அப்பாவின் மொழியில்தான் எழுதவேண்டும் என்று இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; இன்று செவிலியர். இதை அப்பா தம் வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்வார். இங்கே நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா பிறந்தது சங்கரன்கோவில் பக்கம். மீசை முளைக்கும் முன்பே எல்லை தாண்டி மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்குக்கு மூட்டை தூக்க வந்துவிட்டார். பிறகு லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகினார். லைசென்ஸுக்காகவே எழுத்துக் கற்று, எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதித் தேறினார். கடைசிவரை ஒரு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார்.

கொரோனா வந்தபோது அதே மருத்துவமனையில் நான் வார்டில், அப்பா வண்டியில். இறந்தவர்களைப் பிணவறையிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோகவேண்டும், வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது என்பது விதி. வீட்டார் பலரும் தொற்றோடு பூட்டிய கதவுக்குள் இருந்தார்கள். அப்பா அவர்கள் தெருவழியாகவே போவார். வாசலில் ஒரு நிமிடம் நிறுத்துவார். கதவைத் திறக்கமாட்டார். இறங்கி, வண்டியின் பக்கவாட்டில் ஓரிடத்தில் கைவைத்து, "தலை இந்தப் பக்கம்" என்பார். வீட்டார் ஜன்னலிலிருந்து அந்த இடத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள்.

எங்கள் தெருமுனைச் சாயாக்கடைச் சேட்டன் இறந்த அன்று, நான் வார்டுப் பணி முடிந்து வீட்டு மாடியில் தனிமையில் இருந்தேன். அவர் மனைவி சேச்சிக்கும் தொற்று, கேட்டைத் தாண்டக் கூடாது. காலையிலிருந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். வண்டி தெருவுக்குள் திரும்பியது. குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. முன்னால் ஒரு கூட்டம்.

"அண்ணாச்சி, இந்த வழி வேண்டாம். வண்டியத் திருப்புங்க" என்றார் காய்கறிக்கடை மாமா. அவர் பெயர் வேண்டாம்; இந்த மலர் அவர் கையிலும் இருக்கும்.

"செத்தவரு இருமமாட்டாரு மாப்ள. நீங்க இப்பிடிக் கும்பலா நிக்கீங்க பாருங்க, அதுதான் பயம்."

"கொச்சுப் பிள்ளைங்க இருக்கிற தெரு இது!"

நான் ஜன்னல்வழியே கத்தினேன்: "மாமா, கதவத் திறக்கமாட்டாங்க. ஒண்ணும் ஆகாது. நர்ஸ் சொல்றேன்."

"முதல்ல உன்னையத்தான் தெருவ விட்டு அனுப்பணும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். யாரோ குனிந்து கல்லை எடுத்தார்கள். அப்பா மாட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. கல் அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. கீழே ஓடவும் முடியாது. அவருடைய போன் விடாமல் அடித்தது. மருத்துவமனையிலிருந்து அடுத்த நோயாளிக்கு அழைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. திருப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்பா எஞ்சினை அணைத்தார்.

அப்போது சேச்சி கேட்டிலிருந்து மாமாவைப் பார்த்துக் கூப்பிட்டார். அழவில்லை. "மோனே, எந்நாளும் சேட்டன் கையால சாயா குடிச்சவனல்லே நீ?"

மாமா மூங்கில் கயிற்றை அவிழ்த்தார். கல் எடுத்த கை கீழே இறங்கியது. வண்டி கேட்டுக்கு முன்னால் நின்றது. அப்பா இறங்கிக் கைவைத்தார்.

"தலை இந்தப் பக்கம், சேச்சி."

யாரோ புகார் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் கூப்பிட்டு, ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்களாம். "எங்க தெரு வளைவுல நிறுத்தாம எந்த வண்டியும் திரும்பாது சார்" என்றாராம் அப்பா. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். நான் பயந்தேன். அம்மா சண்டையே போட்டார். அப்பா பிறகும் நிறுத்திக்கொண்டுதான் இருந்தார்.

சென்ற ஆண்டு மாரடைப்பில் அப்பா போனார். காப்பாற்றப் போராடிய மருத்துவர்கள், என் சக செவிலியர்கள், சமைத்துக் கொண்டுவந்த சுள்ளிக்கல் அத்தை, ஊரிலிருந்து விடியுமுன் வந்துசேர்ந்த பெரியப்பா குடும்பத்தார், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்குச் சொல்லவேண்டும். அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போன வண்டியில் நானும் இருந்தேன். ஓட்டியவர் புதியவர், தெருமுனையை வேகமாகக் கடக்கப் பார்த்தார். சாயாக்கடைச் சேச்சிக்கு இடுப்பெலும்பு முறிந்து, எங்கள் வீடுவரை நடந்து வர முடியாத நிலை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்கறிக்கடை மாமா ஓடிவந்து நடுத்தெருவில் கைகளை விரித்து வண்டியை மறித்தார். பிறகு பக்கவாட்டில் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, வெளியே சரியான இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"தலை இந்தப் பக்கம், சேச்சி."