வலப்பக்கம் திரும்பாத டோசர்

வட்டவளைக்கு மேலே மண் சரிந்து எங்கள் பஸ் நின்றுவிட்டது. மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த பழைய டோசர் வலப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்றது. அதன் டிரைவர் லீவரை இழுத்து இழுத்துப் பார்த்தார். அது நேரேதான் போனது. டீசல் புகை ஜன்னலுக்குள் வந்ததும் நான் லிந்துலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டு வாசலில் சிறுபிள்ளையாக இருந்தேன்.

அப்பா தோட்டத்து டோசர் ஓட்டினார். அதற்கும் இதே வியாதி. சாயங்காலம் வலப்பக்கத்து ஷெட்டுக்குத் திரும்ப முடியாமல், லயத்து முற்றத்துக்குள் வந்து இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்துப் போவார். செயின் சத்தத்தில் கூரைத் தகரம் அதிரும். எங்கள் வாசலில் மட்டும் வேகம் குறையும்; அம்மா ஓடிப்போய்த் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுவாள். முற்றத்தை உழுதுபோட்டதற்குப் பக்கத்து வீடுகளில் ஏச்சு வாங்குவதும் அவள்தான்.

ஒருநாள் ஹட்டனிலிருந்து மெக்கானிக் வந்தார். லீவரை இறுக்கிப் பார்த்தும் சரிவரவில்லை. கழற்றினால், வலப்பக்கத்துக் கிளச் பிளேட்டுகள் துருவில் ஒட்டிக் கிடந்தன. சரிசெய்துவிட்டுப் போனார். அன்று அம்மா தேத்தண்ணி ஊற்றவில்லை. ஆனால் கூரை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால், முற்றத்தில் டோசர்.

"ஏங்க, இன்னும் சரியாகலையா?"

"அதெல்லாம் சரியாயிருச்சு. தேத்தண்ணி எங்க புள்ள?"

"ஏய், தலைய உள்ள எடுங்க!" என்று பஸ் கண்டக்டர் கத்தினார். டோசர் இடப்பக்கமாகவே சுற்றி, பஸ்ஸை ஒட்டி வந்துகொண்டிருந்தது. என் கையும் ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்தது, வெறுங்கையாக.