நான் சொன்ன பொய் முகவரி

ஆசிரியர் அவர்களே, கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரை ஒழுகுவதை இணையத்தில் மலையகத்தார் பேசிக்கொள்ளும் குழுவில் எழுத, ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன். நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். கடைசியில் மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றார்.

"எனக்கு அதெல்லாம் இல்லீங்களே."

"இருந்தாலும் போடாதீங்க, குப்பையெல்லாம் வந்து சேரும். பொய்யா ஒன்னு சொல்லுங்க."

எங்கள் தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். மிச்சத்தை அவரே சேர்த்துத் தட்டினார்.

அது தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயாவின் முகவரி என்று அடுத்த வாரம்தான் தெரிந்தது. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் தோட்ட மானேஜர் துரை, நான் குழுவில் எழுதியதை அச்சடித்து, அடியில் இருந்த முகவரியைக் காட்டி ஐயாவிடம் நீட்டினார்.

"சத்தியமா நான் எழுதலீங்க தொரை," என்றார் கிளாக்கர் ஐயா.

"நம்ம கூரைக்கு அவரு பேசுறாரு பாரு," என்று பக்கத்தில் ஒருவன் சிரித்தான். நான் தலைகுனிந்து நின்றேன்.

மாதக் கடைசியில் ஐயாவை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் சாமான்களை லொறியில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். "நல்லா இருப்பா," என்றார்.

இப்போது எனக்கென்று ஒரு முகவரி வைத்திருக்கிறேன். குப்பை வந்தாலும் எனக்கே வரட்டும். இந்தக் கடிதத்தின் பிரதியை ஐயாவுக்கும் துரைக்கும் அனுப்புகிறேன். எழுத இரண்டு வருடம் ஆகிவிட்டது.

12.02.2006