தொண்ணூற்றேழில் கொதித்த தண்ணீர்

அரசுப் பொருள் ஒன்றைப் பழுது என்று அறிவிக்க மூன்று கையெழுத்துகள் வேண்டும். பொருள் உண்மையிலேயே பழுதாகியிருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை. கல்வித் துறையில் வேலை பார்த்தே தலை நரைத்தவன் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஜவ்வாது மலையில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் அலமாரியில் அப்படி மூன்று கையெழுத்துகளோடு இரண்டு வெப்பமானிகள் பஞ்சுக்குள் படுத்திருந்தன. இரண்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தன.

அறுபதுகளின் தொடக்கம். சந்தவாசலிலிருந்து கால்நடையாக ஏறினால் அரை நாளில் அந்த ஊர் வரும். ஏழாம் வகுப்பு வரை இருந்த பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் பெரும்பாலும் கண்ணமங்கலத்தில் மருத்துவ விடுப்பில் இருப்பார். மலையில் இருக்கும் நாட்களில் அவர் உடம்புக்கு ஒன்றும் வந்ததில்லை. ஆகவே இயற்பியல் பட்டத்தோடு போன நான்தான் கணக்கு, விஞ்ஞானம், மணியடிப்பது எல்லாம்.

வெப்பமானிகள் செய்த குற்றம் என்னவென்று மூன்றாவதை வாங்கிவந்து கொதிக்கும் தண்ணீரில் வைத்தபோது தெரிந்தது. அதுவும் தொண்ணூற்றேழுக்கு மேல் ஏற மறுத்தது. எனக்கு முன்பிருந்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. புத்தகம் நூறு என்கிறது, கண்ணாடிக் குழாய் தொண்ணூற்றேழு என்கிறது. இரண்டில் எதை நம்பினால் வேலை நிலைக்கும் என்று அவர் யோசித்திருக்கிறார்.

நான் பிள்ளைகளுக்கு விளக்கினேன். நம் தலைக்கு மேல் காற்று இருக்கிறது, அதற்கு எடை உண்டு, அது தண்ணீரை அழுத்துகிறது. மலையில் அழுத்துகிற காற்று குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

"காத்து இங்கதான சார் ஜாஸ்தி?" என்றாள் ஏழாம் வகுப்பின் முதல் வரிசைப் பெண். "கீழ சந்தைக்குப் போய்ட்டு வந்தா எங்கப்பா சொல்லும், ஒரு எல அசையலன்னு."

வீசுவது வேறு, அழுத்துவது வேறு என்று பலகையில் படம் போட்டேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை வந்து, "சார், கெணத்துல அடியில இருக்கற தண்ணிக்கு மேல இருக்கற தண்ணி பாரம். அதுமாதிரி கீழ இருக்கறவங்களுக்கு நம்ம காத்தும் சேத்து பாரம். சரியா சார்?" என்று கேட்டாள். இதைவிடச் சரியாக என் பேராசிரியர்கூடச் சொன்னதில்லை. அவருக்குக் கிணறு தேவைப்படவில்லை, சூத்திரம் இருந்தது.

அந்த வருடம் எட்டாம் வகுப்பு திறக்க அனுமதி கேட்டிருந்தோம். ஆய்வுக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் பரிந்துரை செய்தால் உண்டு. இல்லையென்றால் ஏழாவதோடு சரி. மற்ற பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதுதான் எல்லாம். எட்டாவது முடித்தால் ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடலாம் என்று ஒருநாள் சொல்லிவைத்திருந்தேன். அதை அவள் மறக்கவே இல்லை. அவளுடைய அப்பா சாமை விதைப்பவர், புளி உலுக்கி விற்பவர். பேச்சில் ஒளிவு கிடையாது.

"இங்க எட்டாவது வந்தா படிக்கட்டும், வாத்தியாரே. கீழ அனுப்பமாட்டேன். அங்க அவ யார் வூட்ல தூங்குவா? காய்ச்சல் வந்தா யாரு பாப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

கீழே விடுதி இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு எங்கள் துறையில் தனிக் கோப்பு கிடையாது.

இதற்கிடையில் தொண்ணூற்றேழு ஊருக்குள் போய்விட்டது. பிள்ளைகள் வீட்டில் என்ன சொன்னார்களோ, ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: நம் ஊற்றுத் தண்ணீரில் ஏதோ குறை. மலைக்காரர்கள் தண்ணீரைத் தண்ணீர் என்று பொதுவாகப் பேசமாட்டார்கள். இந்த ஊற்றில் துவரை வேகும், அந்த ஊற்றில் வேகாது. இது குடிக்க, அது மாட்டுக்கு. ஒவ்வோர் ஊற்றுக்கும் ஒரு குணம் உண்டு. அப்படியிருக்க, நூறுக்குப் போகாத தண்ணீர் ஒன்று இருப்பதில் அவர்களுக்கு ஆச்சரியம் இல்லை, அவமானம்தான் இருந்தது. நாலைந்து பேராக வந்தார்கள்.

"வாத்தியாரே, இன்ஸ்பெக்டர் துரை வந்து பாத்தா நம்ம தண்ணி மட்டம்னு எழுதிட்டுப் போயிடுவாரே."

நான் மறுபடியும் காற்று, எடை, கிணறு எல்லாம் சொன்னேன். மிக மரியாதையாகக் கேட்டார்கள். நம்பாத விஷயத்தை அவர்கள் இன்னும் கவனமாகக் கேட்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆரணி அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். சரித்திரம் படித்தவர். மலை ஏறியதில் இரண்டு குதிகாலும் கொப்பளித்திருந்தன. செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, விஞ்ஞானப் பாடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். முதல் வரிசையைப் பார்த்துக் கேட்டார்:

"தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?"

அந்தப் பெண் எழுந்தாள். "இங்கயா சார், கீழயா?"

"எங்க கொதிச்சா என்னம்மா? தண்ணி தண்ணிதானே?"

"இங்க தொண்ணூத்தேழு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கரி அடுப்பைப் பார்த்தேன். செய்து காட்டச் சொன்னார். அவளே பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடுவையில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். சன்னல் முழுக்க ஊர்த் தலைகள். தண்ணீர் முதலில் முணுமுணுத்தது, பிறகு குதித்தது. பாதரசம் ஏறி வந்து தொண்ணூற்றேழில் நின்றது. அதற்கு மேல் ஒரு கோடு நகரவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்து, "தொண்ணூத்தேழேதான்" என்றார்.

"அது எப்புடிங்க!" என்று சன்னலில் ஒரு குரல் வெடித்தது. பெண்ணின் அப்பா. "அது சந்தவாசல் தண்ணியாச்சே!"

பக்கத்தில் நின்றவர் அவர் விலாவில் இடித்தார். தாமதமாகிவிட்டது.

"யாருய்யா அது? உள்ள வா" என்றார் இன்ஸ்பெக்டர்.

விஷயம் வெளியே வந்தது. முந்தின நாள் புளி விற்கச் சந்தவாசல் போனவர், அங்கே டீக்கடைக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் சேந்தி, தலையில் வைத்து மலை ஏறியிருக்கிறார். விடிந்ததும் பள்ளிக்கூடத்துப் பானையைக் கவிழ்த்துவிட்டு இதை நிரப்பியிருக்கிறார். நூறு டிகிரி தண்ணீரை வைத்து இன்ஸ்பெக்டரின் மனதைக் குளிர வைக்க நினைத்திருக்கிறார். தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. விருந்தாளி வந்தால் நல்ல அரிசி எடுப்பதில்லையா?

"தூக்கிட்டு வரும்போதே கேட்டேன்யா, இன்னாத்துக்கு இதுன்னு" என்றார் சன்னலில் இருந்த ஒருவர். "மலைக்குத் தண்ணி சொமந்த மொத ஆளு இவருதாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. குடுவையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார்," என்றாள். "அப்ப தண்ணி மேல தப்பே இல்லியே. கீழத் தண்ணிய மேல கொண்ணாந்தாலும் தொண்ணூத்தேழுதான். நம்ம தண்ணிய கீழ கொண்டுபோனா ஏறணும். ஏறும் சார்."

மூன்று வருடம் கல்லூரியில் இயற்பியல் படித்தேன். இந்தச் சோதனையை யாரும் எனக்குச் செய்து காட்டவில்லை. ஊற்றுத் தண்ணீரைக் காப்பாற்ற ஒருவர் தலைச்சுமை தூக்க வேண்டியிருந்தது.

"ஏறும்னு நீ சொன்னா போதுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் பாக்காம எப்படி எழுதுவேன்?"

அன்று அந்த அறையில் பேசப்பட்டவற்றில் மிகவும் விஞ்ஞானபூர்வமான வாக்கியம் அதுதான். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய படிவத்தில் 'சரி', 'தவறு' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. 'ஊரைப் பொறுத்து' என்று ஒரு கட்டம் இல்லை. அப்போது எனக்கு ஒரு விதி நினைவுக்கு வந்தது. ஆய்வு அதிகாரி விரும்பினால் ஒரு செய்முறையைத் தமக்கு வசதியான இடத்தில், செய்த மாணவரைக் கொண்டே, மறுபடி செய்யச் சொல்லலாம். அதை எழுதியவர் எந்தக் கட்டடத்தின் ஒழுகும் கூரையை நினைத்து எழுதினாரோ தெரியாது. நான் எடுத்துச் சொன்னேன். அவர் எப்படியும் காலையில் கீழே இறங்க வேண்டியவர்.

"செய்த மாணவரைக் கொண்டே" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார்.

"அவளா? கீழயா?" என்றார் அப்பா.

"உன் பொண்ணு, உன் குடம். நீயும் வா. சாயங்காலம் திரும்பிடலாம்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு குடத்தைக் கழுவப் போனார்.

மறுநாள் ஊற்றுத் தண்ணீர் மலை இறங்கியது. குடம் அப்பாவின் தலையில், வெப்பமானி என் சட்டைப் பையில், குடுவை பெண்ணின் கையில். இன்ஸ்பெக்டர் காலில் துணி சுற்றிக்கொண்டு கடைசியாக வந்தார். சந்தவாசல் டீக்கடையில் பாயிடம் அடுப்பைக் கொஞ்ச நேரம் கேட்டோம். குடுவைக்குள் வெப்பமானியைப் பார்த்ததும் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"இன்னா சார், தண்ணிக்கு ஜொரமா?"

"பாத்துக்கினே இரு பாய், ஏறுதா இல்லியான்னு" என்றார் பெண்ணின் அப்பா. அந்தக் கடைக் கிணற்றுத் தண்ணீர் நேற்று மேலே வந்து தோற்ற கதையையும் சொன்னார்.

"எங்க கெணறு தோத்துதா? யார்கிட்ட?" பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. டீ குடிக்க வந்தவர்களும் குடுவையைச் சூழ்ந்துகொண்டார்கள். தொண்ணூற்றேழைத் தாண்டியதும் பெண்ணின் அப்பா தொடையில் தட்டினார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. அதற்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "நூறு வரலையே. மயிரிழை கொறையுதே."

அந்தப் பெண் பதற்றமே படவில்லை.

"இங்கயும் கொஞ்சம் ஒசரம்தான சார். இன்னும் எறங்கணும். கடலு வரைக்கும் போனா நூறு வந்துடும்."

"கடலா!" இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தார். கொப்பளம் உடைந்திருந்தது. "எனக்கு ஆரணியோட சரிம்மா." பேனாவைத் திறந்து, பாயிடம் எல்லோருக்கும் டீ சொன்னார்.

எட்டாம் வகுப்புக்கு அனுமதி வந்தது. அறிக்கையில் விஞ்ஞானச் செய்முறை திருப்திகரம் என்று இருந்தது. கூடவே, வெப்பமானி புதிதாக வாங்கித் தரப்பட வேண்டும் என்றும் இருந்தது. துறை அனுப்பியது. அதுவும் தொண்ணூற்றேழு காட்டியது.

பெண்ணின் அப்பா அடுத்த சந்தையிலிருந்தே பிரச்சாரம் தொடங்கிவிட்டார். "எங்க ஊத்துத் தண்ணி நூறு வரைக்கும் போகாமலே கொதிச்சுடும். வெறகு மிச்சம்" என்று புளி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அரிசி வேக மேலே கூடுதல் நேரமாகும் என்பதைச் சொல்லவில்லை. "தண்ணி இல்லப்பா, ஒசரம்" என்று அவள் திருத்துவாள். "சரி, ஒசரம்" என்பார். மறுவாரம் மறுபடி தண்ணீர்தான். மக்களுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுசெல்வது பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பேசினவர்கள் யாரும் அவரைச் சந்தித்திருக்கவில்லை.

எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு மட்டும் கீழேதான் போக வேண்டும். குடம் தூக்கிய பழக்கத்தாலோ என்னவோ, அவரே மகளை அழைத்துப் போனார். பாய் வீட்டுப் பெண்களோடு அவள் தங்கினாள். திரும்பி வந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"கோடிட்ட எடத்த நெரப்பணும் சார். 'நீர் டேஷ் டிகிரியில் கொதிக்கும்'னு கேட்டிருந்தாங்க."

மணியடிக்கப் போன நான் நின்றேன். "என்ன எழுதினே?"

"எந்த ஊர்லன்னு அங்க இருந்த சாரைக் கேட்டேன். பேசாம எழுதுன்னாரு." அவள் தாவணி நுனியை முறுக்கினாள். "மயிரிழைய விட்டுட்டு நூறுன்னே எழுதிட்டேன் சார். பரீட்சை கீழதான நடந்துச்சு."