வாஷிங் மெஷின் அடுப்பு

எங்கள் வீட்டில் எதுவும் லேசில் குப்பைக்குப் போகாது. கல்ஃபிலிருந்து கம்பளி வந்த ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளில் பலாக்கொட்டையும் மகளின் பழைய பாடப்புத்தகங்களும் இருக்கின்றன. பால்பொடி டின்களில் பச்சைமிளகாய் காய்க்கிறது. கணவருடைய ஜீன்ஸின் கால்கள் வாசலில் மிதியடியாகக் கிடக்கின்றன. மகளுக்கு இதில் கொஞ்சம் வெட்கம். தோழிகள் வந்தால் மிதியடியைக் காலாலேயே ஓரத்துக்குத் தள்ளிவிடுவாள். அவர்கள் போனதும் நான் திரும்ப இழுத்துப் போடுவேன்.

கணவர் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவார். அவர் வருவதற்கு முந்தின நாளே இந்தச் சொத்துக்களையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, வீட்டை நகைக்கடை மாதிரி துடைத்து வைப்பேன். அதனால் எங்கள் வீடு சாதாரண நாளில் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

போன வருஷம் அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்தவர், வேலை போன விஷயத்தை என்னிடம் மட்டும்தான் சொன்னார். சர்ச் சபையிலும் மார்த்தாண்டம் சந்தையிலும் யார் கேட்டாலும் லீவு என்பார். இரண்டு மாதம் கழிந்ததும் லீவை நீட்டியிருக்கிறது என்றார். அதன்பிறகு கேட்பவர்களுக்குப் பயந்து வீட்டை விட்டு இறங்குவதையே குறைத்துக்கொண்டார். அரிசி கழுவிய தண்ணீரை நான் செடிக்கு ஊற்றுவதையும், தேய்ந்த சோப்புகளைச் சேர்த்து ஒட்டுவதையும் நாற்காலியில் இருந்தபடி பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டார்.

"ஏட்டி, நான் கொண்டுவந்தது காணல்ல, பத்தல்லன்னு ஊருக்குக் காட்டுதியா?"

"நீங்க மாசாமாசம் அனுப்பினப்பவும் நான் இப்பிடித்தான். நீங்க பாக்கல்ல, அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்று சாயங்காலம் வரை பேசவில்லை. ஆனால், சொந்த வீட்டிலேயே கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த மனிதரிடம் எத்தனை நேரம் கோபப்பட முடியும்? பாவமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் வாஷிங் மெஷின் படுத்துவிட்டது. பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்காரர் வந்து அதைத் தூக்கப் போனபோது, இவர் முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார். "நல்ல ஸ்டீலாக்கும். இரும்பு விலைக்குக் கொடுக்கண்டாம்" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். பிறகு மெஷினைக் கழற்றி, உள்ளேயிருந்த ஓட்டை ஓட்டையான உருளையை வெளியே எடுத்தார். ஒடிந்த கட்டிலின் பைப்பை அறுத்து மூன்று கால் வைத்தார், விறகு தள்ள ஒரு வாய் வெட்டினார். சிரட்டையும் காய்ந்த பாளையான தென்னங்கொதும்பும் போட்டால் நின்று எரிந்தது. பானை நிறைய மரச்சீனிக்கிழங்கு கேஸ் அடுப்பை விடச் சீக்கிரம் வெந்தது. அவர் சமையல்கட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த மாதம் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும், அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்ததை முற்றத்தில் ஏலம் போடுவார்கள். விவசாயம் செய்கிறவர்கள் வாழைக்குலை, தேங்காய், கோழி என்று கொண்டுவருவார்கள். கல்ஃப்காரர் வீடு என்றால் கம்பளியோ சென்டோ வரவேண்டும் என்பது எழுதாத சட்டம். எங்கள் வீட்டிலிருந்து கம்பளி தவறியதே இல்லை. இந்த முறை கொடுக்க ஒன்றும் இல்லாததால், இவர் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டார். நான் அந்த அடுப்பைப் புளி போட்டுத் தேய்த்து ஆட்டோவில் ஏற்றினேன்.

"என்னை நாணம் கெடுத்தாத."

"காய்ச்சக்காரர் படுத்துக் கிடக்கணும்."

காய்ச்சல்காரர் பைக்கில் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

ஏலம் போட்ட கமிட்டிக்காரர், எங்கள் வீட்டுக் காணிக்கை என்றதும் பழக்கதோஷத்தில் பாடத் தொடங்கினார். "அடுத்து ஃபாரின் அடுப்பு. துபாயில இருந்து வந்ததாக்கும். நல்லா பாத்து கேளுங்க." வெயிலில் அது மின்னிய மின்னலுக்கு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறு இரண்டு கல்ஃப் வீட்டுக்காரர்கள் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் இவரைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் நின்றால் சபைக்கும் லாபம், இவருடைய லீவும் லீவாகவே இருக்கும். பேசாமல் இருந்துவிடட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"அது ஃபாரின் இல்ல. எங்க வீட்டுல கேடாப்போன வாஷிங் மெஷின். நான் அடுப்பாக்கினேன்." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்கு லீவும் ஒண்ணும் இல்ல. வேலை போச்சு. இனி இஞ்சதான்."

கமிட்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏலத்தை முதலில் இருந்து தொடங்கினார். அந்த இரண்டு பேரும் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. கடைசியில் பாலத்தடியில் டீ விற்கும் சாயக்கடை வைத்திருக்கும் அக்கா குறைந்த விலைக்கு எடுத்தார்கள். அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார்கள்.

"தம்பி, இதுக்கு எவ்வளவு விறகு ஆவும்?"

"அதை இவட்ட கேளுங்கக்கா" என்று என்னைக் காட்டினார். "நான் அங்க இருந்தப்பவும் சிக்கனமா வீடு நடத்தினது இவளாக்கும்."