குறையாத ஏரி

பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் போட்டோக்காரருக்கு வயிற்றுப்பாடு. ஏரிப் படம் மட்டும் மனசுக்கு. வருடா வருடம் கோடையின் கடைசி ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரியை ஒரே ஒரு படம் எடுப்பார். போன வருடப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் அதே கோட்டில் வந்து நிற்கும்வரை கேமரா ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டே போவார். இருபத்திரண்டு வருடத்தில் நூல் பிசகவில்லை. பின்னாலிருந்த மலை மட்டும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் பெருத்தது. நமக்கு விழாத தொந்தியா என்று விட்டுவிட்டார்.

ஏரி எப்படி மாறியது என்று கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தபோது, அவர் சட்டையே புதிதாகத் தைத்துப் போட்டிருந்தார். தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஸ்டுடியோ மேஜையில் இருபத்திரண்டு படங்களையும் பரப்பினார்.

"சார், எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததா?"

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "அதாங்க தொழில்."

"தண்ணி குறையவே இல்லையே?"

"குறைய விடுவேனா மேடம்?"

அவள் படங்களை அடுக்கி அவர் பக்கமே தள்ளினாள். "இதை மாட்டினா, ஏரிக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொல்றவங்களுக்குத்தான் கொண்டாட்டம். மன்னிச்சுக்கோங்க சார்."

உள்ளே பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்த மனைவி கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஸ்டாண்டைச் சுமந்தவளை யாராவது கேட்டீங்களா? முதல் வருஷம் மதகுகிட்டயே நின்னோம். இப்போ தண்ணியைத் தேடி அங்கேருந்து அறுநூத்திப் பத்து எட்டு வைக்கணும். வருஷா வருஷம் எண்ணிட்டுதான் நடக்கறேன். பொழுது போகணுமே."

கிளம்ப எழுந்த அந்தப் பெண் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான்.

மறுநாள் காய்ந்த ஏரிக்குள் மனைவி நடக்க நடக்க, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு குச்சி நட்டார்கள். மதகிலிருந்து குச்சி வரிசையைப் படம் எடுக்கும் வேலை மட்டும் போட்டோக்காரருக்கு. கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தார். தரையும் வெடிப்பும்தான். கை தானாக ஸ்டாண்டைத் தூக்கியது.

"இங்கேருந்து தண்ணியே தெரியலை. கொஞ்சம் முன்னாடி வந்தா நல்லா இருக்கும்," என்று குரல் கொடுத்தார்.

"வராதீங்க," என்றாள் மனைவி, கடைசிக் குச்சி அருகிலிருந்து. "அங்கேயே நில்லுங்க."

நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். அவர் கணக்கில் அதைவிட மட்டமான படம் அவர் எடுத்ததில்லை. கண்காட்சியில் அதைத்தான் வாசலிலேயே மாட்டினார்கள், கீழே இரண்டு பெயர் போட்டு. முதல் பெயர் அவருடையது இல்லை.